தண்ணீர் இரண்டு குடம்

எங்கள் வீட்டு மொய் நோட்டுகள் மாமாவின் மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, புதுமனை, ஆடி மொய் விருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு, அட்டையில் வருஷம். 2018 என்று எழுதிய நோட்டில் ஒரே ஒரு பக்கம்தான் நிரம்பியிருக்கிறது. அதில் ரூபாய்க் கணக்கு கிட்டத்தட்டக் கிடையாது. முதல் வரி: "மேலவீடு. தண்ணீர் 2 குடம்."

என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு வந்த மொய் அது.

நான் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து கீரமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரே மாவட்டம்தான். ஆனால் நான் வளர்ந்தது வானம் பார்த்த பூமியில், பாறையும் கருவேலமும் கண்மாயுமாக. கல்யாணமாகி ஆலங்குடி தாண்டிக் கிழக்கே வந்தபோது இருபுறமும் தென்னை, அதற்குள் வாழை, வேலியோரம் பலா, இடையிடையே மல்லிகைக் கொல்லை. அம்மா காரிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுவும் நம்ம புதுக்கோட்டைதானா?" என்றாள். இந்தப் பசுமை முழுக்க ஆழ்குழாய்க் கிணற்றின் தயவு. அறுநூறு அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை மோட்டார் ஏற்றித் தந்தால்தான் உண்டு. மின்சாரம் நின்றால் குடிக்கவும் சொட்டுக் கிடையாது. அதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன்.

மகள் பிறந்தது 2017 டிசம்பர் 2, சனிக்கிழமை, திருக்கார்த்திகை அன்று, புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனையில். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒக்கி புயல் கன்னியாகுமரியை அடித்துப் போட்டிருந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று கரையில் பெண்கள் காத்து நிற்பதை வார்டில் யாரோ செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை மடியில் வாங்கிய அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எங்கள் வீட்டில் பிறந்தநாள் நட்சத்திரப்படி. கார்த்திகை மாதம் கார்த்திகை நட்சத்திரம் என்பதால் பஞ்சாங்கம் தேடவும் வேண்டாம், ஊரே விளக்கேற்றும் நாள்தான் அவள் நாள். 2018-இல் அது நவம்பர் 23, வெள்ளிக்கிழமை. அன்று வீட்டில் விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தி, கறி விருந்து போடுவதென்று ஐப்பசி பிறந்ததுமே மாமா முடிவு செய்துவிட்டார். பத்திரிகை அடித்தாயிற்று. நானூறு பேர்.

மாமாவின் கணக்கு அந்த நானூறு பேரில் இருந்தது. எங்கள் வட்டாரத்து மொய்யைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, செலவைப் பகிர்ந்துகொண்டு, ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டு வந்தால் வரிசையாக மேசைகள். வீட்டுக்கு ஒரு பாத்திரம், எழுத ஓர் ஆள். போட்டவர் விருந்து வைக்கும்போது வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பும்போது மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்தால் அது புது நடை, அதுவும் கணக்கில் ஏறும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, நோட்டும் நாணயமும்தான். இந்த மொய்ப் பணத்தில் கிணறு இறக்கினார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள், பிள்ளையைப் படிக்க அனுப்பினார்கள். மாமா பல வருஷமாகப் போட்டுவைத்த மொய், பேத்தியின் காதுகுத்தில் திரும்பிவர இருந்தது. அதை வைத்துப் புது மோட்டார் இறக்குவதாக இருந்தார்.

நவம்பர் 16, ஐப்பசியின் கடைசி நாள். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அதிகாலையில் கரை ஏறிய கஜா புயல் நேரே எங்களைக் கடந்துதான் மேற்கே போனது. கடல் எங்களுக்குத் தூரம் என்று நினைத்திருந்தோம். ஓட்டு வீட்டை விட்டுவிட்டு மேலவீட்டு மச்சு அறையில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு மேல் காற்றின் சத்தம் மாறியது. மரம் முறிகிற சத்தம் எனக்குத் தெரியும். அன்று கேட்டது வேறு. வேரோடு மண் பெயர்கிற சத்தம், தரை வழியாகக் காலுக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் மாமா தலையை அந்தத் திசைக்குத் திருப்பினார். இருட்டில், எந்த மரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை என் மார்பில் வாய் வைத்தபடி, உறிஞ்சாமல், கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தாள்.

விடிந்தபோது கதவைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு தென்னை. மாமாவுக்குக் கல்யாணமான வருஷம் அவரும் அத்தையும் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றி வளர்த்தவை. பத்தொன்பது நின்றன. மற்றவை எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. அத்தையின் மாமியார் காலத்துப் பலா, வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. வரப்போரத்துப் பனைகள் மட்டும் அப்படியே நின்றன. தமிழில் தென்னங்கன்றுக்குப் பிள்ளை என்றுதான் பெயர், "இந்த வருஷம் அம்பது பிள்ளை வச்சேன்" என்பார்கள். அந்தச் சொல்லின் முழு எடை அன்று காலை மாமாவின் முகத்தில் தெரிந்தது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு தரும் என்று பிற்பாடு அறிவிப்பு வந்தது. அந்தக் காலையில் யாருக்கும் பணம் நினைவில் இல்லை. மாமா இரண்டு நாள் பேசவில்லை. தோப்புக்குள் போவார், ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார், வருவார்.

மின்கம்பங்கள் தெருவோடு தெருவாகச் சாய்ந்திருந்தன. மேல்நிலைத் தொட்டியை நிரப்ப இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜெனரேட்டர் வண்டி வரும். வீட்டுக்கு இரண்டு குடம். போன் சார்ஜ் ஏற்ற ஒரு கடையில் இருபது ரூபாய். ஏற்றினாலும் சிக்னல் இருக்காது. என் கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தார். கஜா செய்தியை அங்கே எல்லாரும் பார்த்துவிட்டார்கள், எங்கள் குரலை மட்டும் கேட்க முடியவில்லை. நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் ஆலங்குடிச் சாலையில் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து, "எல்லாரும் நல்லாருக்கோம்" என்று ஒரே ஒரு வரி அனுப்பினான். அதைப் படித்துவிட்டு வேலைத்தளத்திலேயே உட்கார்ந்து அழுததாக அவர் பிறகு சொன்னார்.

பத்திரிகைக் கட்டு நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. பிறந்தநாளைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். புதன்கிழமை ராத்திரி, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது மாமா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "ஏத்தா, பிள்ளைக்கு வருஷம் திரும்புது. நாளன்னிக்கு அடுப்பு எரியணும். தெருவுக்கே ஆக்கு."

ஆறு நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"எதை வச்சு ஆக்குறது?" என்று அத்தை கேட்டார்.

"கெடக்குறதை வச்சு."

கிடந்தது எல்லாம் தோப்பில்தான் கிடந்தது. வியாழக்கிழமை காலையிலிருந்தே நானும் அத்தையும் ஓரகத்தியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் விழுந்த வாழைக்குள் இறங்கினோம். முற்றாத தார்களில் காய், சாய்ந்த மரத்தில் பூ, வெட்டிப் பிளந்தால் தண்டு. தேங்காய்க்குக் குறைவேயில்லை, மிதித்துக்கொண்டுதான் நடந்தோம். மிக்ஸியும் கிரைண்டரும் பொம்மைபோல் உட்கார்ந்திருந்தன. கொல்லையில் கவிழ்ந்து கிடந்த ஆட்டுக்கல்லை நிமிர்த்தி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவ இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டாமல் பசுவுக்கு வைத்தோம். அம்மிக்குக் குழவி கிடைக்கவில்லை, மூன்றாம் வீட்டில் கதவுக்கு அண்டைகொடுத்து வைத்திருந்தார்கள். உலக்கை அத்தையின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பச்சரிசியை ஊறவைத்து உரலில் இடிக்க ஆரம்பித்ததும் அத்தைக்குக் கை தானாகவே ஓடியது. எனக்கு மூன்றாவது குத்திலேயே தோள் கழன்றது. "நீ பிள்ளையைப் பாரு, இது எங்க கை" என்றார். எத்தனையோ வருஷம் கழித்து அன்றுதான் தெருவில் உலக்கைச் சத்தம் கேட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

தென்னங்குருத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரம் செத்தால் ஒழியக் குருத்து கிடைக்காது. மட்டைகளை அரிவாளால் ஒவ்வொன்றாகச் செதுக்கிக்கொண்டே போனால் உள்ளே யானைத் தந்தம்போல வெள்ளையாக, மொறுமொறுவென்று, பால் இனிப்போடு இருக்கும். சாதாரண நாளில் யார் வீட்டிலாவது மரம் வெட்டினால் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்னும். அந்த வாரம் ஊர் முழுக்கக் குருத்துதான். பச்சையாகத் தின்றோம், பொரியல் செய்தோம், பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தோம். பசி ஆற்றியதும் அதுதான். பிறந்தநாள் கூட்டும் அதில்தான் வைத்தோம். அத்தைதான் பதம் பார்த்து, தேங்காய் அரைத்து ஊற்றி, தாளித்து இறக்கினார். எல்லாருக்கும் பரிமாறினார். தன் இலையில் வைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எறங்காதும்மா" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு டாடா ஏஸ் வாசலில் வந்து நின்றது. முன்னால் அம்மாவும் தம்பியும். விடியுமுன்னே பொன்னமராவதியில் கிளம்பியவர்கள். வழியெல்லாம் மரங்களை வண்டி போகிற அகலத்துக்கு மட்டும் அறுத்துவிட்டிருந்தார்கள் என்று தம்பி சொன்னான். அம்மாவுக்கும் எங்களோடு பேச வழியில்லை. "விருந்து இருக்கோ இல்லியோ, எம் பேத்திக்கு நாள் இருக்குல்ல" என்று கிளம்பிவிட்டாளாம். அரிசி மூட்டை, தண்ணீர் கேன்கள், மெழுகுவத்தி, தார்ப்பாய், கார்த்திகைப் பொரி ஒரு மூட்டை, அகல் விளக்கு, எண்ணெய். தாய்மாமன் சீராகப் பட்டுப்பாவாடையும் வெள்ளிக் கொலுசும். எல்லாவற்றுக்கும் மேலே ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தால் வாழையிலை. நூறு நுனி இலை, ஒரு கிழிசல் இல்லாமல்.

வாழை விளையும் ஊரில் எங்களுக்கு அன்று சோறு போட ஒரு முழு இலை கிடையாது. காற்று அத்தனையையும் நாராகக் கிழித்திருந்தது. தட்டில்தான் போடுவதென்று இருந்தோம். "காத்து அடிச்ச ஊர்ல இலை ஏது? அதான் சந்தையில சொல்லி வாங்கினேன்" என்றாள் அம்மா. அவள் மழைக்கு ஏங்குகிற ஊர்க்காரி. எது இல்லாமல் போகும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அத்தை அந்த இலைகளைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதன்முறையாக அவர் முகம் இளகியது.

யாரையும் அழைக்கவில்லை. தெருவுக்குச் சொன்னோம், அவ்வளவுதான். ஆனால் வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. மேலவீட்டு அக்கா தனக்கு அளந்துகொடுத்த இரண்டு குடத்தையும் அப்படியே தூக்கி வந்து எங்கள் அண்டாவில் ஊற்றினாள். "சமையலுக்குத் தண்ணி வேணும்ல" என்றாள். அவள் வீட்டில் ஐந்து பேர். நான் தடுக்கப் போனேன். மாமா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உள்ளே போய்ப் புது நோட்டை எடுத்து வந்தார். காதுகுத்துக்கென்று வாங்கி, மஞ்சள் தடவி வைத்திருந்த நோட்டு. திண்ணையில் உட்கார்ந்து பிள்ளையார் சுழி போட்டு எழுதினார்: "மேலவீடு. தண்ணீர் 2 குடம்."

பிறகு வந்ததெல்லாம் அதே எழுத்தில், அதே ஒழுங்கில் இருக்கிறது. பால் ஒரு லிட்டர். கோழிமுட்டை ஐந்து. மண்ணெண்ணெய் அரைப் பாட்டில். தீப்பெட்டி ஆறு. முருங்கைக்கீரை ஒரு கட்டு. தப்பிப் பிழைத்த செடியில் பறித்த மல்லிகை, ஒரு கை. வடக்குத்தெரு அண்ணன் ஒருவர் கையில் எதுவுமில்லாமல் அறுவை மெஷினோடு வந்து, எங்கள் வாசலை அடைத்துக்கிடந்த மரத்தைத் துண்டு போட்டு உருட்டிவிட்டார். மாமா அதற்கும் ஒரு வரி எழுதினார்: "மரம் அறுத்தது, அரை நாள்." ஆயிரம் ரெண்டாயிரம் என்று எழுதிப் பழகிய கை, ஒரு வரியையும் அவசரப்பட்டு எழுதவில்லை.

வெள்ளிக்கிழமையும் கார்த்திகையும் சேர்ந்ததால் கவிச்சி இல்லை. சோறு, சாம்பார், ரசம், வாழைக்காய் வறுவல், தண்டுப் பொரியல், குருத்துக் கூட்டு, வாழைப்பூ வடை, தேங்காய்ப்பால் ஊற்றிய வெல்லப் பாயசம். அம்மியில் அரைத்த மசாலாவின் வாசனை தெருக்கோடிவரை போனது. இப்போது எத்தனையோ விசேஷத்தில் எவ்வளவோ சாப்பிடுகிறேன். அந்த வாழைப்பூ வடையின் ருசி வேறெங்கும் கிடைக்கவில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது தெருமுனையில் நாலு பேர் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். கேரளாவிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள். மாமா போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சேற்றுக் காலோடு வர அவர்கள் தயங்கினார்கள். அம்மாவே கேன் தண்ணீரைக் காலுக்கு ஊற்றினாள். நல்ல பசி அவர்களுக்கு. பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். மூத்தவர் மட்டும் பாயசம் குடித்து முடித்துவிட்டு, பாதித் தமிழில் சொன்னார்: ஆகஸ்டு வெள்ளத்தில் அவர் வீடு கழுத்தளவு தண்ணீரில் நின்றது, முகாமில் பத்து நாள் இருந்தார்கள், அங்கே வந்த அரிசி மூட்டைகளில் தமிழ் எழுத்து இருந்தது.

மாமா எழுந்து நின்றுவிட்டார். அந்த ஆகஸ்டில் எங்கள் ஊரிலும் கேரளாவுக்கென்று அரிசியும் துணியும் சேர்த்து லாரியில் ஏற்றினார்கள். மாமா தன் பங்காக நூறு தேங்காய் கொடுத்திருந்தார், இப்போது விழுந்து கிடக்கும் அதே மரங்களின் காய். அதை அவர் அந்த மனிதரிடம் சொல்லவில்லை. "சாப்புடுங்க, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க" என்று மட்டும் சொன்னார். புறப்படும்போது மூத்தவர் பிள்ளையின் கையில் ஓர் ஐம்பது ரூபாயைத் திணித்தார். அவள் அதை வாயில் வைக்கப் போனாள், அத்தை பிடுங்கினார், எல்லாரும் சிரித்தோம். புயலுக்குப் பிறகு வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

சாயங்காலம் விளக்கு வைத்தோம். வாசல், திண்ணை, கிணற்று மேடை, விழுந்த பலாவின் அடிமரம், எல்லா இடத்திலும் அகல். ஊரில் ஒரு பல்பு கிடையாது. அதனால் தெருத்தெருவாக அந்தச் சின்னச் சுடர்கள் மட்டும் கண்ணுக்கெட்டியவரை தெரிந்தன. பையன்கள் காய்ந்த மட்டைகளைக் குவித்துப் பிள்ளையார் கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்தினார்கள். கிழக்கே பௌர்ணமி நிலா எழுந்தது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து நிலா தரையை விட்டு எழுவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எப்போதும் தோப்புக்கு மேலே வந்த பிறகுதான் தெரியும். அத்தை அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை கை நீட்டி, "ஆ... ஆ..." என்றாள்.

கேக் கிடையாது. இடித்த மாவில் வெல்லம் பிசைந்து அத்தை மாவிளக்குப் பிடித்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போட்டிருந்தார். தம்பியின் மடியில் பட்டுப்பாவாடையும் கொலுசுமாக உட்கார்ந்து அவள் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதி அணைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நெய் தீர்ந்து தானாக மலையேறும்வரை எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிறகு அந்த மாவை உருட்டி முதல் வாய் அவளுக்கு. தம்பி எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டான். ராத்திரி ஊர் திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சிங்கப்பூருக்கு அனுப்பினான்.

மின்சாரம் வர இன்னும் நாளானது. அடுத்த மாசியில் எளிமையாக மொட்டையடித்துக் காது குத்தினோம். நோட்டில் உள்ள வரிகளை மாமா ஒவ்வொன்றாகத் திருப்பினார். மேலவீட்டுப் பெண்ணின் கல்யாணத்தன்று அவர்கள் மோட்டார் மக்கர் செய்தபோது டிராக்டரில் ஒரு டேங்கர் தண்ணீர் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அந்த வரிக்கு எதிரே கோடு போட்டார். முட்டைக்குக் கோடு, மண்ணெண்ணெய்க்குக் கோடு. கடைசி வரிக்கு மட்டும் போடவில்லை. "கேரளா லைன்மேன் நாலு பேர். ரூ. 50. பேர் கேட்கவில்லை."

2019-இல் புதிதாக வைத்த பிள்ளைகள் 2024-இல் நன்றாகக் காய்க்கத் தொடங்கியிருந்தன. அந்த ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் மண்ணுக்குள் போயின. செய்தியைப் பார்த்த மாமா மறுநாள் காலையிலேயே மரமேறும் ஆளை வரச் சொன்னார். புதுக்கோட்டையிலிருந்து ஒரு நிவாரண வண்டி கிளம்புவதாகக் கேள்விப்பட்டிருந்தார். வெட்டிப் போட்ட காயை எண்ணும் வேலையைப் பேத்திக்குக் கொடுத்தார். நூறு வேண்டும், ஒன்று கூடக் குறையக் கூடாது. ஆறரை வயது அவளுக்கு. சாக்குக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தவள் அறுபத்து மூன்றில் தடுமாறினாள். தாத்தாவைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.